பதினோரு செம்புத் தண்ணீர்

பொதிகை மலை அடிவாரத்தில் ஓர் ஓடை இருக்கிறது. பெயரைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேன் பிடித்து வந்து, பிரியாணிப் பொட்டலத்தைக் கரையெல்லாம் போட்டுவிட்டுப் போவார்கள். ஆகவே பெயர் வேண்டாம். அந்த ஓடைக்கரையில் கோடை விடுமுறையில் ஒரு கணக்குப் பள்ளிக்கூடம் நடக்கும். முதலில் வாத்தியார்களுக்கு. அது முடிந்த கையோடு பிள்ளைகளுக்கு.

நடத்துகிறவர் முப்பிடாதி என்கிற பெண். சிவகிரிப் பக்கம், வயது முப்பத்தொன்று. கணக்கில் பெரிய படிப்பெல்லாம் படித்து டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, பேன்ட் காலைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்குள் நின்று பாடம் எடுப்பார். சுவர் கிடையாது, பெஞ்சு கிடையாது. வழவழப்பான ஒரு பாறைதான் கரும்பலகை. வந்திருந்த வாத்தியார்கள் பத்துப் பேரும் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டிருப்பார்கள். மீன் வந்து கடித்தால் சிரிப்பு வரும். அதற்காகவெல்லாம் முப்பிடாதி பாடத்தை நிறுத்தமாட்டார்.

காலையில் கணக்கு. மத்தியானம் சாக்கைப் போட்டு உட்கார்ந்து சறுக்குப் பாறையில் சறுக்குவார்கள். நிழலை அளந்து மருதமரத்தின் உயரத்தைச் சொல்லிவிட்டு, சரிதானா என்று மேலே ஏறிக் கயிறு விட்டுப் பார்ப்பார்கள். சாக்பீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய குரங்கை ஒருநாள் முழுக்கத் துரத்தினார்கள். டப்பா கிடைத்தது, சாக்பீஸ் கிடைக்கவில்லை. பேரன் பேத்தி எடுத்தவர்களெல்லாம் அரை டிராயர் போட்ட வயசுக்குத் திரும்பிப் போயிருந்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தன் கணக்கில் தானே ஒரு தப்பைக் கண்டுபிடித்தவர் எழுந்து நின்று "ஓட்டை" என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் கண்டுபிடித்தால் செல்லாது. சொன்ன மறுநிமிஷம் எல்லாரும் செம்பை எடுத்துக்கொண்டு வந்து அவர் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிப்பாட்டி முடித்ததும், அன்றைக்கு வெட்டுகிற முதல் நுங்கு அவருக்குத்தான். தூத்துக்குடி ஜெசிந்தா டீச்சர் தினமும் ஒரு ஓட்டையாவது சொல்லிவிடுவார். நுங்குக்காகவே தப்பாகப் போடுகிறார் என்று மேலப்பாளையம் மன்சூர் சார் கேலி பண்ணுவார். நுங்கு விஷயத்தில் அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

நனையாத ஆள் ஒருவர்தான். குற்றாலிங்கம் வாத்தியார்.

தென்காசிக்காரர். பேரிலேயே குற்றாலத்தை வைத்துக்கொண்டு மனுசன் தலையில் ஒரு சொட்டு விழவில்லையே என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை காலையில் போட்ட மடிப்போடு சாயங்காலமும் இருக்கும். சறுக்குப் பாறைப் பக்கம் போகமாட்டார். நுங்கை நீட்டினால் "எனக்குச் சேராது" என்பார். பொய். நுங்கென்றால் அவருக்கு உயிர். தப்புச் செய்தவர்களோடு வரிசையில் நின்று வாங்கித் தின்ன மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இத்தனை வருஷ சர்வீஸில் கரும்பலகையில் ஒரு தப்புப் போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. மறுநாள் நடத்தப்போகிற ஒவ்வொரு கணக்கையும் முதல்நாளே வீட்டில் போட்டுப் பார்த்துவிடுவார். அவர் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். ஒரு பிள்ளைகூட எழுந்து சந்தேகம் கேட்டதில்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலரைப் பிள்ளைகள் முகாமில் விடுவதற்காக இங்கே வந்தவர், பஸ் கிடைக்காமல் ஒரு மத்தியானம் தங்க வேண்டியதாயிற்று. தன் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் ஓடைக்குள் நின்று "நான் சொல்றேன், நான் சொல்றேன்" என்று ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு கத்தியதைப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு நெஞ்சுக்குள் என்னமோ செய்தது. பொறாமை என்று சொன்னாலும் தப்பில்லை. அடுத்த வருஷம் ரிட்டயர்டு. அதற்குள் ஒரே ஒரு தடவை, தன் முன்னால் பிள்ளைகள் அப்படிக் கத்த வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார்.

பிள்ளைகள் முகாமை நடத்த, வாத்தியார்களில் ஒருவரை முப்பிடாதி ஒவ்வொரு வருஷமும் நிறுத்துவார். கடைசி நாள் காலையில் தன் கழுத்தில் கிடக்கிற விசிலைக் கழற்றி அவர் கழுத்தில் போடுவார். அந்த விசில்மேல்தான் குற்றாலிங்கத்துக்குக் கண்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அவருக்குப் பொறுக்கவில்லை. தயங்கித் தயங்கி முப்பிடாதியிடம் போனார்.

"டாக்டரம்மா, பிள்ளைய முகாமுக்கு யாரை நிறுத்தப் போறிய?"

"நீங்க நிக்கணுமா அண்ணாச்சி?"

"ஆசைதான். அதுக்கு என்ன தகுதி வேணும்னு சொன்னா, இருக்கா இல்லையான்னு பாத்துக்கிடுவேன்."

முப்பிடாதி விசிலை எடுத்து ஊதினார். எல்லாரும் ஆளுக்கொரு செம்புத் தண்ணீரோடு மணல்திட்டுக்கு வரவேண்டும் என்றார்.

பதினோரு பேர், முப்பிடாதியையும் சேர்த்து. ஆட்டம் இதுதான். முதல் விசிலுக்கு எல்லாரும் மணலில் எங்கே வேண்டுமானாலும் போய் நின்றுகொள்ளலாம். இரண்டாவது விசிலுக்கு, தனக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிற ஆள் யாரோ அவர் தலையில் செம்பைக் கவிழ்க்க வேண்டும். ஒருத்தருக்கு இரண்டு பேர் சம தூரத்தில் நின்றால் குழப்பம் வருமென்று கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி நிற்கச் சொன்னார்.

விசில் ஊதியதும் மணல்திட்டு அமர்க்களப்பட்டது. ஜெசிந்தாவும் மன்சூரும் பக்கம் பக்கமாக நின்று மாற்றி மாற்றிக் கவிழ்த்துக்கொண்டார்கள். முப்பிடாதிக்கு முதல் ஆட்டத்திலேயே தலை நனைந்துவிட்டது. குற்றாலிங்கம் திட்டின் கடைசி முனையில், மருதமர நிழலில் தனியாக நின்றார். அவருக்குப் பக்கத்து ஆளே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித்தான். விதி விதிதான் என்று நடந்து போய், அங்கே நின்ற ஜெசிந்தாவிடம் "மன்னிக்கணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, துளசிச் செடிக்கு ஊற்றுகிற மாதிரி நிதானமாக ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தார். எத்தனை ஆட்டம் ஆடினாலும் அவர் சட்டை மடிப்புக் கலையவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே முப்பிடாதி ஒரு கேள்வி போட்டார். இன்றைக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் யாராவது ஒருத்தர் நனையாமல் நின்றார். இது தற்செயலா? ஆட்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், எப்படி நின்றாலும் ஒருத்தராவது நனையாமல் தப்பித்தே ஆக வேண்டுமா?

குற்றாலிங்கத்துக்குக் கை துறுதுறுத்தது. தகுதி கேட்டதற்குத்தான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்தவர் பொழுது அடைவதற்குள் எழுந்துவிட்டார்.

வழி சுலபமாகத்தான் இருந்தது. கூட்டத்திலேயே மிக நெருக்கமாக நிற்கிற இரண்டு பேரை எடுத்துக்கொள். அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொள்வார்கள். அந்த ஜோடியை ஒதுக்கிவிடு. மிச்சம் இருப்பவர்களில் மிக நெருக்கமான ஜோடியை எடு. அவர்களும் ஒருவர்மேல் ஒருவர். அவர்களையும் ஒதுக்கு. இப்படியே இரண்டிரண்டாகப் போனால், ஒற்றைப்படை ஆகையால் கடைசியில் ஒரே ஒருத்தர் மிஞ்சுவார். அவர்மேல் ஊற்ற ஆள் கிடையாது. அவர் நனையமாட்டார்.

முடித்துவிட்டேன் என்று போய்ச் சொன்னார். காலையில் பாறையில் எழுதுங்கள் என்றார் முப்பிடாதி. விசில் அண்ணாச்சிக்குத்தான், சந்தேகமே வேண்டாம் என்று மன்சூர் முதுகில் தட்டினார். அன்றைக்கு ராத்திரி குற்றாலிங்கம் கல்யாண மாப்பிள்ளைக்குரிய சந்தோஷத்தோடு படுத்தார். மறுநாள் போட ஒரு வெள்ளைச் சட்டை தேய்த்தபடி தயாராக இருந்தது.

காலையில் சுக்குக் காபி ஊற்றினார்கள். ஜெசிந்தா டீச்சருக்கு மூக்கு ஒழுகியது. தும்மி முடித்துவிட்டு, தலையெழுத்தை நொந்துகொண்டார்.

"எல்லாருக்கும் ஒரு செம்புன்னா எனக்கு மட்டும் மூணு. மன்சூர் சார் ஒண்ணு, டாக்டரம்மா ஒண்ணு. போதாததுக்கு நம்ம சார் வேற அம்புட்டுத் தூரம் நடந்து வந்து, மன்னிப்புக் கேட்டு ஊத்திட்டுப் போறார்."

எல்லாரும் சிரித்தார்கள். குற்றாலிங்கமும் சிரிக்கப் போனார். பாதியில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்று செம்பா?

ஜெசிந்தாவும் மன்சூரும் ஜோடி. அவர்களை ஒதுக்கியாயிற்று. ஒதுக்கியபிறகு மிச்சப்பேர் தங்களுக்குள்ளேயே ஊற்றிக்கொள்வார்கள் என்றுதானே அவர் எழுதியிருந்தார்? ஆனால் ஒதுக்கின ஜோடியின் தலையில் வெளியே இருந்து ஒருத்தர் வந்து ஊற்றினால்? வழி அங்கேயே அறுந்துபோகிறது. யாரும் அப்படி ஊற்றுவார்களா என்று கேட்க முடியாது. ஊற்றினவரே அவர்தான். தன் கையால் ஊற்றியதை, தன் கண்ணால் பார்த்ததை, கணக்கில் மறந்துவிட்டார்.

ஓடைக்குப் போகிற பாதையில் அவர் எல்லாருக்கும் பின்னால் நடந்தார். முன்னால் மன்சூர் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு போனார். குற்றாலிங்கத்துக்கு அதில் ஒரு அடிகூடக் காதில் விழவில்லை. ஓட்டையை அடைக்கப் பார்த்தார், அடைபடவில்லை. பதற்றத்தில் புத்தி ஓடவில்லை. பிறகு இன்னொரு யோசனை மெதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. விடை சரிதான். விடையில் தப்பில்லை. நடுவில் ஒரு வரி இடிக்கிறது, அவ்வளவுதானே. நேற்றிலிருந்து அவரே அதைப் பார்க்கவில்லை என்றால், எழுதுகிற வேகத்தில் வேறு யார் பார்க்கப் போகிறார்கள்? இன்றைக்கு ஒரு காலைப்பொழுதைக் கடந்துவிட்டால் விசில் கழுத்துக்கு வந்துவிடும். நாளைக்கு நாற்பது பிள்ளைகள் வந்துவிடுவார்கள். இத்தனை நாள் நனையாமல் இருந்துவிட்டு, கரை சேருகிற நேரத்தில் போய் ஓட்டை என்று நிற்பானா ஒருத்தன்?

பாறைமுன் நின்றார். எழுதினார். எப்போதும்போல் முத்து முத்தான எழுத்து. அந்த வரி வந்தபோது சாக்பீஸ் கொஞ்சம் தயங்கியது. அவர் அதைத் தயங்கவிடவில்லை. மிச்சப்பேர் தங்களுக்குள்ளேயே ஊற்றிக்கொள்வார்கள் என்று எழுதி, கீழே கோடும் போட்டார்.

எழுதி முடித்ததும் கை தட்டினார்கள். மன்சூர் சீட்டியடித்தார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. குற்றாலிங்கத்துக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சில் சந்தோஷம்தான் இல்லை.

முப்பிடாதி தண்ணீருக்குள் நின்றபடியே கழுத்தில் இருந்த விசிலின் கயிற்றை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம் அண்ணாச்சி."

"கேளுங்க டாக்டரம்மா."

"கடைசியில ஒருத்தர் நனையாம நிப்பார்னு போட்டிருக்கிய. அவர் யாரு?"

இது ஒரு கேள்வியா? வகுப்பில் சொல்கிற அதே குரலில், யோசிக்காமல் சொன்னார்.

"யாருக்குமே பக்கத்து ஆளா இல்லாதவர்."

சொல்லிவிட்டு நின்றார். தன் குரலைத் தானே கேட்டது அப்போதுதான். எதிரே கற்களில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். ஒருத்தர் முழங்கால் அடுத்தவர்மேல் இடிக்க, நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா தும்மினால் மன்சூர்மேல் தெறித்தது. அவர் மட்டும் பாறைப்பக்கம், தேய்த்த சட்டையோடு, தனியாக இருந்தார். அவருடைய வகுப்பும் இப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம்.

முப்பிடாதி பதிலுக்கு நன்றி என்பதாகத் தலையை ஆட்டினார். கழுத்தில் இருந்து விசிலைக் கழற்றப் போனார்.

குற்றாலிங்கம் ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஓட்டை" என்றார்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார். அவர் பாறைக்குத் திரும்பி, தான் கோடு போட்ட வரியில் விரலை வைத்தார். ஜோடியை ஒதுக்கிவிட்டால் போதாது, வெளியே இருந்து வந்தும் ஒருத்தர் ஊற்றலாம், நேற்று நானே ஜெசிந்தா டீச்சர்மேல் ஊற்றினேன், காலையிலேயே தெரிந்துவிட்டது, தெரிந்தேதான் எழுதினேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். இந்த வயசில் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

ஜெசிந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார்.

"சார், அப்பத்தான் சார் சுலபம். மொத்தம் பதினோரு பேரு, பதினோரு செம்பு. எனக்கு மூணு விழுந்தா வேற யாருக்கோ இல்லாமப் போச்சுல்லா? அந்த இடத்துலேயே ஒருத்தர் தப்பிச்சாச்சு. யாருக்குமே ரெண்டாவது செம்பு விழலேன்னாத்தான் உங்க ஜோடிக் கணக்கு வேணும். அப்ப வெளிய இருந்து யாரும் வந்து ஊத்தவும் மாட்டாங்க."

குற்றாலிங்கம் பாறையைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார். எந்தச் செம்பு உடைத்ததோ அதே செம்பு வந்து அடைத்துவிட்டது. அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வகுப்பில் அவர் இப்படிச் சிரித்ததே கிடையாது.

"எனக்குத் தோணவே இல்லையே டீச்சர்" என்றார்.

"தலை நனைஞ்சாத்தான் சார் தோணும்" என்றார் ஜெசிந்தா.

அதற்குள் மன்சூர் செம்பை மொண்டுவிட்டார். சட்டையைக் கழற்றிக்கொள்கிறேன் என்று குற்றாலிங்கம் சொன்னதை யார் கேட்டார்கள்? முகாம் முழுக்க ஊற்றாமல் சேர்த்து வைத்த தண்ணீரையெல்லாம் அன்றைக்கு ஊற்றினார்கள். கஞ்சி கரைந்து சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஜெசிந்தா டீச்சர் தன் முறை வந்தபோது "மன்னிக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு, மூன்று செம்பையும் கணக்காகத் திருப்பிக் கொடுத்தார். கூச்சலில் மருதமரத்துக் குரங்குகள் கலைந்து ஓடின.

முதல் நுங்கை வெட்டி அவரிடம் நீட்டினார்கள். உங்களுக்குச் சேராதே என்று மன்சூர் இழுத்தார். குற்றாலிங்கம் கட்டைவிரலை நுங்குக்குள் விட்டு ஒரே உறிஞ்சாக உறிஞ்சினார். இரண்டாவதும் கேட்டார்.

தலையில் இருந்து தண்ணீர் வடிய, கல்லில் மற்றவர்களோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அவருக்கு விசில் ஞாபகம் வந்தது. போனது போனதுதான். எழுந்து முப்பிடாதியிடம் போனார்.

"டாக்டரம்மா, தெரிஞ்சே மறைச்சு எழுதினவன் நான். விசிலை வேற யாருக்காவது போட்டுருங்க. எனக்கு வருத்தமில்ல."

வருத்தம் இருந்தது. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

முப்பிடாதி விசிலைக் கழற்றினார். எட்டி அவருடைய ஈரக் கழுத்தில் போட்டார். கசங்கிப்போன சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளைய நாப்பது பேரு நாளைக்கு வருது அண்ணாச்சி. மாத்துச் சட்டை எத்தனை கொண்டாந்திருக்கிய?"